ஆசைக்கும் ஆஸ்திக்கும்



"ஆசைக்கு ஒரு பெண், ஆஸ்திக்கு ஓர் ஆண்" என்று நம் முன்னோர் சொல்லிவைத்தார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. பெண்ணைக் கொஞ்சு, ஆணுக்குக் கொடு என்பதே அதன் பொருள் என்று நின்று எண்ணிப் பார்ப்பவர் மிகச் சிலரே. பிறந்த இரண்டும் பெண்ணாகிவிட்ட ஒரு வீட்டில் இந்தப் பழமொழி என்ன செய்தது என்பதை இம்மாதம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். அதில் என் தவறும் ஒன்று கலந்திருக்கிறது. அதனை மறைத்துவிட்டு மற்றவர்களுக்கு அறிவுரை எழுதுவது முறையாகாது.

குமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே அமைந்த ஒரு பங்கு. அங்கே ஒரு பழைய ஓட்டு வீடு. முதல் வெள்ளிதோறும், காலைத் திருப்பலி முடிந்தபின், நோயுற்றோருக்கு நற்கருணை கொண்டு செல்லும்போது அந்த வீட்டுக்கும் போவேன். இடுப்பெலும்பு முறிந்து நடமாட்டம் குன்றிய எண்பது வயதுப் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். அவருடைய இளைய மகன், மருமகள், அவர்களுடைய இரு பெண் குழந்தைகள் ஆகியோரே அவரைப் பேணுகிறவர்கள். மூத்தவளுக்கு ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. இளையவளுக்கு ஐந்து வயது. பெயர்களை எழுதவில்லை. அவர்களின் இசைவோடுதான் இதனை எழுதுகிறேன்.

நான் போவதற்கு முன்பே பெரியவரின் கட்டிலருகே ஒரு சிறு மேசை ஆயத்தமாக இருக்கும். அதன்மேல் சலவை செய்த வெள்ளைத்துணி, பாடுபட்ட சுருபம், இரண்டு மெழுகுதிரிகள். தொடக்கத்தில் ஒரே ஒரு திரிதான் இருந்தது. அதை யார் ஏற்றுவது என்று இரு சிறுமியரும் வாய்ச்சண்டையிட்டு, ஒருமுறை நான் வாசலில் நிற்கும்போதே இளையவள் அழத் தொடங்கிவிட்டாள். அடுத்த மாதம் தாய் இரண்டாவது திரியை வாங்கி வைத்துவிட்டார். அந்த வீட்டின் நீதிமுறை எனக்கு முதன்முதலாகத் தெரிந்தது அன்றுதான்.

தந்தைக்கு ரப்பர் பால் வெட்டும் தொழில். விடியற்காலை நான்கு மணிக்கு முன்பே தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார். வெயில் ஏறுவதற்குமுன், மரம் குளிர்ந்திருக்கும் வேளையில்தான் பால் நன்றாக ஊறும். பட்டையில் நூல் பிடித்தாற்போல மெல்லிய கோடு சீவி, வடியும் பாலைச் சிரட்டையில் ஏந்த வேண்டும். ஆழமாக வெட்டினால் மரம் புண்பட்டுவிடும். மேலோட்டமாக வெட்டினால் பால் வராது. தாய் செல்வது முந்திரி ஆலைக்கு. எங்கள் பக்கத்தில் அதனை 'அண்டி ஆபீஸ்' என்பார்கள். கொட்டையை உடைக்கும்போது தோட்டிலிருந்து வரும் எண்ணெய் விரல்களைக் கருக்கிவிடும். சில நாட்களில் தோலையே உரித்துவிடும். சாம்பலைப் பூசிக்கொண்டுதான் உடைக்கிறார்கள்.

ஆகவே தந்தை போனபின், தாய் புறப்படுவதற்குமுன், அந்த வீட்டின் காலை முழுவதும் இரண்டு மணி நேரத்துக்குள் நடந்து முடிய வேண்டும். சோறு வடிக்க வேண்டும். பெரியவரைக் குளிப்பாட்ட வேண்டும். இரு தலைகளுக்கும் எண்ணெய் தேய்த்து, இரட்டைச் சடை பின்னி, நாடா கட்ட வேண்டும். தாயின் கருத்த விரல்கள் சீப்பைப் பிடித்திருக்கும். உதடுகள் வாய்ப்பாட்டைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கும். கண்கள் அடுப்பின்மேல் இருக்கும். மூத்தவள் ஏழாம் வாய்ப்பாட்டில் தடுக்கும்போதெல்லாம் தலையில் சடை சிறிது இறுகும்!

மழைநாளில் இந்த ஒழுங்கு தலைகீழாகிவிடும். மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. வெட்டு இல்லையேல் கூலி இல்லை. பெரியவர்களுக்கு அது கவலை நாள். ஆனால் சிறுமியருக்கோ திருநாள். ஏனெனில் அன்று அப்பா வீட்டில் இருப்பார், அன்று சடை பின்னுவது அப்பாவின் வேலை! மரத்துப் பட்டையை அவ்வளவு நுட்பமாகச் சீவும் கை, மகளின் கூந்தலில் திணறுவதைக் கண்டிருக்கிறேன். ஒரு சடை கிழக்கே பார்க்கும். மற்றது மேற்கே பார்க்கும். இளையவள் அதை அவிழ்க்கவிடாமல் அப்படியே பள்ளிக்கூடம் போவாள்.

அந்த வீட்டில் ஒரு கோழி இருக்கிறது. அது இடும் முட்டையை அவித்து, தையல் நூலால் இரண்டாகப் பகுப்பார்கள். "ஒருத்தி வெட்டட்டும், மற்றவள் முதலில் எடுக்கட்டும்" என்பது தாய் வகுத்த சட்டம். இன்று மூத்தவள் வெட்டினால், அடுத்த முறை இளையவள். வெட்டுகிறவள் மூச்சை அடக்கிக்கொண்டு, நூலை நடுவில் வைத்து, மஞ்சள் கரு ஒரு பக்கம் ஒதுங்கிவிடாதபடி அழுத்துவாள். ஏனென்றால் பெரிய பாதி தனக்கு வராது என்று அவளுக்குத் தெரியும். பெரியவர் கட்டிலில் படுத்தபடியே இதனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இப்போது என் தவற்றைச் சொல்கிறேன்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன், இளைய குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்தவன் நான். சடங்கு முடிந்தபின், உறவினர் சூழ்ந்து நிற்க, குழந்தையைக் கையில் ஏந்தி இறுதியாக ஒரு செபம் சொன்னேன். அப்போது, "அடுத்த முறை இக்குடும்பத்துக்கு ஓர் ஆண் மகவைத் தந்தருளும் ஆண்டவரே" என்று என் வாயில் வந்துவிட்டது. யாரும் கேட்டுக்கொள்ளவில்லை, நானே சேர்த்துக்கொண்டேன். எல்லாரும் மகிழ்ச்சியோடு ஆமென் என்றார்கள். தாய் மட்டும் தலை குனிந்தார். அதை நான் பணிவு என்று எண்ணிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஜூலை மாதத்து முதல் வெள்ளி, நல்ல மழை. பெரியவருக்கு நற்கருணை வழங்கி, நன்றிச் செபமும் முடிந்தபின் திண்ணையில் அமர்ந்து கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தந்தை இளையவளுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தார். மூத்தவள் மெல்ல வந்து என் அருகே நின்றாள்.

"பாதர், ஒண்ணு கேக்கட்டா?"

"கேள், மக்களே."

"எங்களுக்குத் தம்பி வரணும்னு நீங்க செபம் பண்ணினீங்கல்லா? கடவுள் ஏன் அதக் கேக்கல? நாங்க ஏதாவது தப்புப் பண்ணிட்டோமா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, அந்தத் திருமுழுக்கை உறவினர் ஒருவர் கைப்பேசியில் படமாக்கியிருந்தார் என்பது. அந்தக் குழந்தைகள் அதனைப் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். என் குரலும் அதில் பதிவாகியிருக்கிறது. நான் மறந்தே போன ஒரு வாக்கியத்தை ஒரு சிறுமி மனப்பாடமாக வைத்திருக்கிறாள்!

அவள் மேலும் கேட்டாள்: "தம்பி வரலேன்னா நாங்க இந்த வீட்ட விட்டுப் போணுமா?"

உள்ளே சீப்பின் ஓசை நின்றது.

இந்தக் கேள்விக்கு ஒரு காரணம் இருந்தது. பெரியவருக்கு அந்த வீடும் அதைச் சுற்றிய 24 சென்ட் நிலமும் சொந்தம். மூத்த மகன் வளைகுடா நாடு ஒன்றில் வேலையில் இருக்கிறார். அவருக்கு ஒரே மகன். "பேர் சொல்ல ஒரு பேரன்தான் இருக்கிறான், பெண்பிள்ளைகள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவர்கள்" என்று கூறி, அனைத்தையும் அந்தப் பேரன் பெயருக்கு எழுதிவைக்கப் பெரியவர் முடிவு செய்திருந்தார். பத்திர எழுத்தரிடமும் பேசியாகிவிட்டது. இளைய மகன் எதிர்த்து ஒரு சொல் சொல்லவில்லை. நான் பிற்பாடு அவரைத் தனியே கேட்டபோது, "எனக்கு ரெண்டும் பெண்ணுதானே, பாதர்" என்றார். மழையில் நனைந்த மரத்தைப்போல அவர் நின்றார். தன் மக்களுக்காக ஒரு சொல் கேட்பதற்குக்கூடத் தனக்கு உரிமையில்லை என்று அவர் நம்பிவிட்டார். அந்த நம்பிக்கையை அவருக்குத் தந்தவர்கள் யார்? "ரெண்டும் பெண்ணா?" என்று இரக்கப்பட்ட உறவினர்கள், பழமொழி சொன்னவர்கள், பீடத்தருகே நின்று செபித்த நான்.

அன்று அந்தச் சிறுமிக்கு என்ன மறுமொழி சொன்னேன்? "கடவுள் உங்களைக் கேட்டுத்தான் கொடுத்தார், மக்களே. கேட்கத் தெரியாமல் கேட்டவன் நான்தான்" என்றேன். அவளுக்கு அது எவ்வளவு புரிந்ததோ அறியேன். அவளுடைய தாய் அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டேன். "ஐயோ, அதெல்லாம் எதுக்குப் பாதர்" என்றார். ஆனால் சொல்லி முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் குனிந்த அந்தத் தலை பணிவால் குனியவில்லை என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

குருமடத்தில் மறைநூலைப் பல ஆண்டுகள் படித்தவன் நான். எண்ணிக்கை நூலின் 27ஆம் அதிகாரத்தை எத்தனை முறை வாசித்திருப்பேன்! மகன் இல்லாமல் இறந்துபோன ஒரு மனிதரின் ஐந்து புதல்வியர் மோசேயின் முன்பும் மக்கள் கூட்டத்தின் முன்பும் வந்து நின்று, தந்தையின் உரிமையில் தங்களுக்குப் பங்கு கேட்கிறார்கள். மோசே தாமாகத் தீர்ப்புச் சொல்லாமல் ஆண்டவரிடம் செல்கிறார். அந்தப் பெண்கள் கேட்பது நேர்மையானது என்று ஆண்டவரே சொல்கிறார். யோபு நூலின் இறுதியிலும், யோபுவுக்குப் பிறந்த ஏழு ஆண்மக்களின் பெயர்கள் எழுதப்படவில்லை; மூன்று பெண்மக்களின் பெயர்களே எழுதப்பட்டிருக்கின்றன. தந்தை அவர்களுக்கு அவர்களுடைய சகோதரரோடு சொத்துரிமை அளித்தார் என்ற செய்தியும் அங்கே இருக்கிறது.

புனிதர் வரலாற்றிலும் ஒன்றைச் சொல்லலாம். பிரான்ஸ் நாட்டின் அலான்சோன் நகரில் வாழ்ந்த லூயி மார்ட்டின், செலி தம்பதியருக்கு ஒன்பது குழந்தைகள். மறைபரப்புப் பணிக்குச் செல்லும் குருவாக ஒரு மகன் வேண்டும் என்பது அவர்களின் ஆசை. பிறந்த ஆண் குழந்தைகள் இருவரும் கைக்குழந்தைகளாகவே இறந்துவிட்டார்கள். இரு பெண் குழந்தைகளும் இறந்தன. ஐந்து பெண்மக்களே எஞ்சினர். அவர்களுள் கடைசியாக, 1873ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் பிறந்தவளே நாம் சிறுமலர் என்று போற்றும் தெரேசாள். அடைபட்ட மடத்தை விட்டு வெளியே வராமலே மறைந்த அவரை 1927ஆம் ஆண்டு திருத்தந்தை பதினோராம் பத்திநாதர், நம் கடற்கரையெங்கும் கால் பதித்த புனித சவேரியாரோடு சேர்த்து, மறைபரப்பு நாடுகளின் பாதுகாவலியாக அறிவித்தார். மகன் வழியாக எதைக் கேட்டார்களோ, அதை இறைவன் மகள் வழியாகத் தந்தார். அந்தப் பெற்றோரும் 2015ஆம் ஆண்டு ஒருசேரப் புனிதராக உயர்த்தப்பட்டனர்.

நாட்டின் சட்டத்தையும் நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும். குமரி மாவட்டம் திருவிதாங்கூரோடு இருந்த நாட்களில், 1916ஆம் ஆண்டின் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம் ஒன்று இருந்தது. உயில் எழுதாமல் இறந்த தந்தையின் சொத்தில், மகனுடைய பங்கில் நான்கில் ஒன்று, அல்லது 5000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது அச்சட்டம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சமமாகப் பங்கிடும் வழக்கமுடைய சில பிரிவினருக்கு மட்டும் அதில் விலக்கு இருந்தது. கோட்டயத்தில் பள்ளி நடத்திய மேரி ராய் என்னும் அம்மையார் இதனை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அந்தப் பழைய சட்டம் 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் நாள் முதலே செல்லாது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே பொருந்தும் என்று 1986ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் தீர்ப்பு வந்தது. அதன்படி, கிறிஸ்தவர் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி இரண்டு பங்கும் மகன், மகள் என்ற வேறுபாடின்றிப் பிள்ளைகளுக்குச் சமமாகப் போகும்.

ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவர், தாம் ஈட்டிய சொத்தைத் தம் விருப்பப்படி யாருக்கும் எழுதிவைக்கலாம். அந்தப் பெரியவர் எழுத நினைத்த பத்திரத்தை எந்தச் சட்டமும் தடுத்திருக்காது. சட்டம் நிற்கும் இடத்தில்தான் மனச்சாட்சி பேசத் தொடங்க வேண்டும்.

செப்டம்பர் 8 அன்னை மரியாவின் பிறப்பு விழா. நம் இந்தியத் திரு அவை அந்நாளைப் பெண் குழந்தைகளின் நாளாகவும் கொண்டாடுகிறது. சுவக்கீன், அன்னம்மாள் என்ற முதிய பெற்றோருக்கு அவள் ஒரே மகள் என்பது மரபு. அன்று திருப்பலியில், பெண்மக்கள் மட்டுமே உள்ள பெற்றோரைப் பீடத்தின்முன் வரச் சொன்னேன். அவர்களுக்கு ஆசி வழங்குமுன், யாருடைய பெயரையும் குறிப்பிடாமல், என் செபத்தின் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். முன்னால் வந்து நின்றவர்கள் இருபத்திரண்டு குடும்பத்தார். அவர்களுள் எத்தனை பேருடைய திருமுழுக்கு விழாவில் அதே செபத்தைச் சொல்லியிருக்கிறேனோ என்று எண்ணியபோது என் குரல் தடுமாறியது. ரப்பர் பால் வெட்டும் அந்தத் தந்தை, இரு கைகளிலும் இரு மக்களைப் பிடித்தபடி நின்றார். அவர் அன்று தலைகுனிந்து நிற்கவில்லை.

நவம்பர் மாதத்து முதல் வெள்ளியில் பெரியவர் என்னைச் சற்றே இருக்கச் சொன்னார். அவரிடம் நான் அதுவரை சொத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசியதில்லை. அவரே பேசினார்.

"சாமி, ரெண்டு வருசமா இந்தக் கட்டிலுல கெடக்கேன். எனக்குக் கஞ்சி ஊத்துறது இதுக ரெண்டும்தான். முட்டை வெட்டுறதையும் பாத்துக்கிட்டுத்தான் கெடக்கேன். அந்தப் புத்தி எனக்கு இல்லாமப் போச்சு. நிலத்தை மூத்தவன் ரெண்டாப் பிரிக்கட்டும், எளையவன் மொதல்ல எடுக்கட்டும். அப்படியே எழுதச் சொல்லிட்டேன்."

எனக்கு உள்ளம் நிறைந்தது. ஆயினும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பெரியவருக்கு ஒரு மகளும் உண்டு. மூன்று ஊர் தள்ளி மணமுடித்துப் போனவர். "அவளுக்கு, பாட்டா?"

"அவளுக்கு அன்னைக்கே நகை போட்டு அனுப்பியாச்சே, சாமி" என்றார்.

மேசைத் துணியை மடித்துக்கொண்டிருந்த மூத்தவள் தலை நிமிராமலே சொன்னாள்: "அத்தையச் சேத்தா மூணா வெட்டணும், பாட்டா. மூணா வெட்டவும் நூலு போதும்."

பெரியவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. நான் இதனை எழுதும்வரை அந்தப் பத்திரம் பதிவாகவில்லை. அவர் இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறார். எண்ணுகிறவரை விரைவுபடுத்தக் கூடாது என்று நானும் வாளாவிருக்கிறேன்.

அன்புக் குடும்பத்தாரே, இம்மாதம் உங்களிடம் மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

முதலாவது, பெண் குழந்தைகளின் காது கேட்க, "அடுத்ததாவது ஆணாகட்டும்" என்று யாரும் சொல்லாதீர்கள். வாழ்த்தாகவும் சொல்லாதீர்கள்; செபமாகவும் சொல்லாதீர்கள். நாம் சொல்லி மறந்ததைக் குழந்தைகள் கேட்டு வளர்க்கிறார்கள். 'நான் போதாதவள்' என்ற எண்ணம் ஒரு பிஞ்சு மனத்தில் விழுந்துவிட்டால், அதனைப் பிடுங்கப் பல ஆண்டுகள் ஆகும்.

இரண்டாவது, இரு பெண்மக்கள் உள்ள வீட்டில் மூத்தவளைக் குட்டித் தாயாக ஆக்கிவிடாதீர்கள். "நீ பெரியவள், விட்டுக்கொடு" என்பது ஒருநாள் அன்பைக் கற்பிக்கும். ஒவ்வொரு நாளும் சொன்னால் வஞ்சத்தைக் கற்பிக்கும். இரண்டாவது மெழுகுதிரி வாங்க அதிகச் செலவாகாது. தந்தையரே, சடை கோணலானாலும் நீங்கள் பின்னுங்கள். உங்கள் மகள் அதை அவிழ்க்கமாட்டாள்.

மூன்றாவது, சொத்து சிறிதோ பெரிதோ, அறிவும் நினைவும் தெளிவாக இருக்கும்போதே, பிள்ளைகள் எல்லாரையும் ஒன்றாக அமரவைத்துப் பேசுங்கள். மகளையும் அமரவையுங்கள், மணமாகிச் சென்ற மகளையும் அழைத்து அமரவையுங்கள். ஆசை வேண்டுமானால் எல்லாருக்கும் ஆசை. ஆஸ்தி என்றால் எல்லாருக்கும் ஆஸ்தி.

இன்றிரவு செபமாலை முடிந்ததும், உங்கள் பெண்மக்களின் பெயர்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லி, அவர்கள் கேட்க, இறைவனுக்கு நன்றி கூறுங்கள். வேறு எதையும் அதனோடு சேர்த்துக் கேட்காதீர்கள். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நான் சொல்லியிருக்க வேண்டிய செபம் அதுதான்.